மீனின் மறுபாதி

61ஆம் நாள், மாலை 5.40
கூடாரத்தில் காற்று சரி. தண்ணீர் சரி. இன்று உடைத்த கற்களில் இரண்டில்தான் மீன். இரண்டும் டிரயாசிக் காலத்து மீன்கள், இருபது கோடி வருஷத்துக்கு முன்னே கல்லாகிப் போனவை. செதிலையும் துடுப்பையும் பார்த்துக் கருவி பெயர் சொல்லும், நான் சீட்டு ஒட்டுவேன். எட்டாவதோடு நின்றவளுக்கு இந்த வேலை போதும்.

பூமியின் காற்றை இப்போது யாராலும் சுவாசிக்க முடியாது. நிலாக் குடியிருப்பிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் தொம்மையும் கல் பொறுக்க வந்தோம். போன வாரம் சுரங்கம் சரிந்தது. அவர் உள்ளே இருந்தார்.

62ஆம் நாள், காலை 7.15
தூக்கம் இல்லை. வேலை செய்தேன்.

கல்லைத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். ஒரு பாதியில் மீன், மறுபாதியில் அதன் அச்சு. இரண்டும் சேர்ந்தால்தான் கருவி பதிவு செய்யும். அவர் கடைசியாகப் பிளந்தது கருவிக்கே தெரியாத மீன். புது மீனுக்குக் கண்டெடுத்தவர் பெயரை வைப்பார்கள். ஒரு பாதியைக் கூடையில் மேலே அனுப்பிவிட்டு ரேடியோவில் சொன்னார்.

“இதையாவது குழம்புல போட்டுராத புள்ள. மத்தத நானே கையில கொண்டாறேன்.”

அப்புறம் சத்தம் கேட்டது.

63ஆம் நாள், மதியம் 1.00
காற்று இயந்திரம் விட்டுவிட்டு ஓடுகிறது. என்னை ஏற்றிப்போக நிலாவிலிருந்து வரும் கப்பலிலிருந்து வேணி பேசினாள்.

“அக்கா, நாளைக்கு இறங்குறோம். பாதிக் கல்லு எதையும் ஏத்தக் கூடாதாம். நீங்க ஏறுனாப் போதும்.”

சரி என்றேன். அவர் மேலே அனுப்பிய பாதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை விட்டுப் போனால் அவர் பெயர் எங்கேயும் இருக்காது.

64ஆம் நாள், காலை 5.20
இயந்திரம் நின்றுவிட்டது. கடைசிக் காற்று சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதிக் கல்லையும் எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் போகிறேன். போய்வரக் காற்று இருக்கிறது. சரிந்த கல்லை நகர்த்தினால் அது போதாது. இனிக் கைக்கருவியில் எழுதுகிறேன்.

காலை, நேரம் பார்க்கவில்லை
நிறைய நகர்த்திவிட்டேன். கை தெரிகிறது. கையுறை போட்ட விரல்களுக்குள் மறுபாதிக் கல். இறுகப் பிடித்திருக்கிறார். இழுத்துப் பார்த்தேன். விரலை உடைத்தால்தான் வரும்.

உடைக்க மனம் வரவில்லை. என்னிடமிருந்த பாதியை அவர் கையிலிருந்த கல்மேல் வைத்தேன். பொருந்திவிட்டது.

கருவியைக் காட்டினேன். முழு மீன் என்றது. பெயர் கேட்டது. தொம்மை என்று அடித்தேன்.

வேணி கூப்பிடுகிறாள். “அக்கா, எங்க இருக்கீங்க?”

பதில் சொல்ல மூச்சு வேண்டும். எழுதவே அதை வைத்திருக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. இரண்டு பாதியையும் பிரிக்காதீர்கள். கையையும் பிரிக்க வேண்டாம். உள்ளே மீன்தான் இருக்கிறது, நான் பார்த்துவிட்