கமலக்கண்ணன் சாரும் பூட்டிய ஃபைலும்

ஜூலை 7, திங்கள்
மத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ் இன்றும் லேட். காரணம் எங்கள் மேனேஜர் கமலக்கண்ணன் சார். யார் போய் நின்றாலும் "சரிப்பா, உன் வீட்டுக்கிட்டயே ஒரு ஸ்டாப் போட்டுடறேன்" என்று, நான் எழுதிய பஸ் ஆப்பில் ஸ்டாப் பட்டியல் இருக்கும் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து போட்டே விடுகிறார். கோழிக்கடைக்குக்கூட ஸ்டாப் இருக்கிறது! திட்டு மட்டும் எனக்கு. மாதக் கடைசியில் என்னை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்போவதும் அவர்தான்.

ஜூலை 8
ஃபைலைப் பூட்டிவிட்டேன். படிக்கலாம், ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. நிம்மதி.

ஜூலை 9
நிம்மதியாவது ஒண்ணாவது! காலையில் ஆப் செத்துக் கிடக்கிறது. அசெம்பிளி லைன் சுகுணா மத்தூரிலிருந்து போன்: "அக்கா, ஆப்புல பஸ்ஸே காட்டல. வருதா, வரலையா?" டிரைவர் நாராயணப்பன், "ஆப் சொல்லாம நான் எங்கன்னு நிறுத்தறது?" என்று வண்டியையே எடுக்கவில்லையாம். வருஷக்கணக்காக ஓட்டுகிற ரூட்!

சார் கூப்பிட்டார். "சனிக்குள்ள சரி பண்ணும்மா. இல்லன்னா ஆப் வேலைய பெங்களூர் கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துடலாம்னு மேல சொல்றாங்க."

அப்புறம் நான் எதுக்கு? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 10
கண்டுபிடிச்சிட்டேன். ஆப் ஓடுவது ஒரு கண்டெய்னருக்குள். வேண்டிய சாமானையெல்லாம் கட்டிக்கொண்டு சர்வருக்குள் தனிக்குடித்தனம் நடத்துகிற புரோகிராம் அது. தினமும் விடிகாலையில் கண்டெய்னர் புதிதாக எழுந்ததும், முதலில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டிக் கட்டளைப் பட்டியல், ஓடும். அந்த மகராசனுக்கு ஒரு பழக்கம் — செட்டிங்ஸ் ஃபைலைப் பட்டா மாற்றுவதுபோல் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் மேற்கொண்டு வேலை. ஃபைல்தான் பூட்டியிருக்கிறதே! கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிறது. சர்வர் எழுப்புகிறது. மறுபடி படுக்கிறது.

பூட்டைத் திறந்தால் சரியாகிவிடும். ஆனால் சாரும் உள்ளே வந்துவிடுவாரே!

ஜூலை 12, சனி
அசல் பூட்டியபடியே இருக்கட்டும். ஸ்கிரிப்ட் எழுந்ததும் அதை ஒரு நகல் எடுத்து, நகலுக்குப் பட்டா மாற்றிக்கொள்ளட்டும். ஆப்பும் அந்த நகலைப் படிக்கட்டும். இவ்வளவுதான். ஓடுகிறது!! கோழிக்கடையையும் தூக்கிவிட்டேன்.

ஜூலை 14
பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஆனால் சார், "ஏம்மா, எனக்கு மட்டும் அந்த ஃபைல் மாத்த வரலையே?" என்றார். பயத்தில் அவருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டேன். அதை எந்த ஆப்பும் படிக்காது. சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 22
இன்று மட்டும் மூன்று ஸ்டாப் போட்டார். கேட்டவர்கள் சிரித்த முகமாகப் போகிறார்கள். பஸ் எங்கேயும் கூடுதலாக நிற்கவில்லை. எத்தனை நாளைக்கு?

ஜூலை 31
சார் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். போச்சு.

"நான் போடற ஸ்டாப் ஒண்ணுலயும் பஸ் நிக்கறதில்லையாம்?"

அவர் ஃபைல் வெறும் நகல்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்படியே விட்டுடும்மா. முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எனக்கு வராது."

நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் கதவைத் திறந்தால், வெளியே பேக்கிங் தங்கமணி அண்ணன் நிற்கிறார். சார் அதற்குள் தன் ஃபைலைத் திறந்தாயிற்று.

"வாப்பா தங்கமணி. எங்க ஸ்டாப் வேணும், சொல்லு."