தொப்புளுக்குக் கீழே ஒரு குறி

2005 அக்டோபர் 20, வியாழன்
காலையிலிருந்து தூறல். டாலிகஞ்ச் டு காளிகாட் மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரி. இவருக்கு இடுப்பெலும்பில் புற்றுக்கட்டி, அறுக்க முடியாத இடம். கதிர்தான் வழி. எந்த முறை என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம்.

டாக்டரம்மா சொன்னது, மறக்காமல் இருக்க:
கோபால்ட் – பழசு. முன், பின் இரண்டே பக்கம். குடல், மூத்திரப்பை எல்லாம் வேகும். ஒரு விரல் தள்ளிப் போனாலும் பெரிய பாதகமில்லை.
ஐ.எம்.ஆர்.டி. – புதுசு. ஏழு பக்கத்திலிருந்து, கட்டியின் வடிவத்துக்கே. மற்றதெல்லாம் தப்பும். ஆனால் துளியும் தள்ளக் கூடாது.

புதுசு என்று நான்தான் சொன்னேன். "ஒனக்கு எது தோணுதோ அது" என்று இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல்.

அக். 24, திங்கள்
அச்சு எடுத்தார்கள். படுக்கவைத்துக் காற்றை உறிஞ்சினால் மெத்தை உடம்புப்படியே இறுகிவிடுகிறது. இவர் எழுந்த பிறகும் அதில் இவர் இருக்கிறார். அலமாரியில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஆள் பள்ளங்கள், பெயர் ஒட்டி. இவர்கள் எல்லாம் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். மெஷின் ஓட்டும் சிபுதா இரண்டு பெயர்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

கதிர் எங்கே பாய வேண்டும் என்று காட்ட, உடம்பில் ஊதா மையில் மூன்று கூட்டல் குறி. இடுப்பின் இரு பக்கமும், தொப்புளுக்குக் கீழே ஒன்றும். "பௌதி, அழியக் கூடாது. தண்ணி படவே கூடாது" என்று இந்தியில் இரண்டு தடவை சொன்னார். பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணனாம்.

அக். 28, வெள்ளி
முதல் நாள். கதவு மூடுகிறது, சிவப்பு விளக்கு. வெளியே எங்களுக்கு டிவியில் இவர் தன்னந்தனியாக. ஏதோ உள்ளே போகிறது. சூடில்லை, வாசனையில்லை, வலியில்லை.
வெளியே வந்து, "உள்ள யாரோ பக்கத்துல நின்னாப்புல இருந்துச்சுட்டி" என்றார். சும்மா இருங்க என்றேன். வீடு வரும்வரை முதுகு சில்லிட்டிருந்தது.

நவ. 1, செவ்வாய்
தீபாவளி, காளி பூஜை. ஆஸ்பத்திரி லீவு. இவருக்குப் பிடிவாதம். "எண்ணெ தேய்க்காத தீவாளி எனக்குக் கெடையாது. இதுதான் கடைசியோ என்னமோ." அந்த வார்த்தையில் விழுந்துவிட்டேன், மடச்சி.
குறிகளின் மேல் பிளாஸ்டிக், சுற்றிலும் பிளாஸ்திரி. எண்ணெய் கேட்குமா? உள்ளே ஊறி, சீயக்காயோடு தொப்புளுக்குக் கீழே இருந்தது சுத்தமாகப் போயிற்று.
மத்தியானம் இவர் தூங்கும்போது துணியில் அடையாளம் போடும் பேனாவால் நானே போட்டேன். நாலு விரல் கீழே. நடுவிலா, கொஞ்சம் இடதா? இடது என்றுதான் ஞாபகம்.

நவ. 2, புதன்
சொல்லவில்லை. சிபுதாவும் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிந்தது, அணைந்தது.
"இன்னைக்குப் பக்கத்துல யாரும் இல்லட்டி" என்றார் இவர்.

நவ. 3, வியாழன்
இன்றும் யாரும் இல்லையாம்.
அப்படியானால் அது எங்கே போய் நிற்கிறது? பயமாயிருக்கிறது.

நவ. 4, வெள்ளி
கதவு மூடியதும் சிபுதாவின் கையைப் பிடித்துவிட்டேன். "தாதா, பந்த் கரோ! நிறுத்துங்க! அந்தக் குறி நான் போட்டது."
திட்டவில்லை. "எத்தனை நாள்?"
"ரெண்டு."
அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு டாக்டரம்மாவுக்குப் போன், வங்காளத்தில், தாழ்ந்த குரலில். நான் கேட்கக் கூடாதென்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.
டிவியில் இவர் அசையாமல் படுத்திருந்தார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.
"ஏட்டி, முடிஞ்சிட்டா?"
மைக்கை அமுக்கினேன்.
"இல்லங்க. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."