அண்ணி கடைசியாகத் துவைத்த துணிகள்

அண்ணி,

இன்று காலை துவைக்கும் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. மூடியைத் தூக்கினால் தொட்டி நிறைய சாம்பல் நிறத் தண்ணீர். படுக்கை விரிப்புகள் அதில் முங்கிக் கிடந்தன. தேங்கிய சோப்புத் தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியது. முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் E2 என்று விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. இது உங்கள் மெஷின் இல்லை. அது துருப்பிடித்து ஒழிந்து பல வருஷம் ஆகிறது. இது வேறு கம்பெனி, ஆனாலும் அதே E2. நான் உங்களிடம் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். எண்ணை அழுத்தப் போகும்போதுதான், நீங்கள் கண்மூடி ஒரு மாதம் ஆகிறது என்பது உறைத்தது.

ஃபிஜியில் நம் வரதோலி ஊரிலேயே உங்களைப் போல மெஷினோடு குடித்தனம் நடத்தினவள் ஒருத்தியும் இல்லை. வியாழக்கிழமை தோறும் இரண்டு தெரு தாண்டி என் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன். ஒரு துணியை என் கையால் உள்ளே போட விடமாட்டீர்கள். ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்து உதறுவீர்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பீர்கள். பாவாடை நாடாவைச் சுருட்டி முடிவீர்கள். "ஒரு நூல் போனாப் போதும் பாப்பா, பம்பு அதைப் பிடிச்சுக்கிட்டு செத்துப்போகும்" என்பீர்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். இவளிடம் கஸ்டம்ஸ் ஆபீசர் கெட்டார் என்று அண்ணன் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட நீங்கள் அன்றைக்கு எப்படி விட்டீர்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாயிரத்தில் ஆட்சியைக் கவிழ்க்க ஒரு கும்பல் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்த அன்று அண்ணன் வேலை விஷயமாகத் தலைநகர் சூவாவில் இருந்தார். இந்தியர் கடைகளை உடைக்கிறார்கள், கொளுத்துகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. மூன்று நாள் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. நீங்கள் அழவில்லை. குளித்துவிட்டு வந்து, அவர் முழுசாக வந்து சேர்ந்தால் இந்த வருஷம் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாலாம் நாள் அவர் ஒரு லாரியில் ஏறி வந்து சேர்ந்தார், செருப்பு இல்லாமல்.

திருவிழா வந்தது. நீங்கள் காப்புக் கட்டிக்கொண்டீர்கள். வழக்கமாகப் பத்து நாளும் கோயிலிலேயே தங்குவதுதான் முறை. அந்த வருஷம் நிலைமை சரியில்லை என்று பெண்களை மட்டும் வீட்டில் இருந்தே விரதம் இருக்கச் சொல்லிவிட்டார் பூசாரி. மஞ்சள் புடவையும் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய நூலுமாக நீங்கள் வீட்டில் நடமாடியதைப் பார்த்து எனக்கு ஒரு பெரிய நிம்மதி. எண்பத்தேழில் இதேபோல் ஆட்சி கவிழ்ந்த பிறகு, சிட்னியில் குடியேற அண்ணன் எழுதிப் போட்ட மனுவுக்குப் பதில் எந்த நிமிஷமும் வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் காப்புக் கட்டினவள் ஊர் எல்லையைத் தாண்டமாட்டாள். பத்து நாளைக்காவது நீங்கள் என்னுடையவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை உங்கள் தெரு வழியாகக் கோயிலுக்குப் போனேன். கொடி நிறையத் துணி காய்ந்தது. விரிப்பு, தலையணை உறை, நடுவில் உங்கள் மஞ்சள் புடவை. அண்ணி இன்றைக்கு மும்முரமாக இருக்கிறாள், தொந்தரவு பண்ணக் கூடாது என்று உள்ளே வராமலே போய்விட்டேன். அந்த நேரம் நீங்கள் நாந்தி விமான நிலையத்தில் இருந்தீர்கள். வீடு காலி என்று தெரிந்தால் புகுந்து அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அந்தச் சமயம் எல்லாருமே கொடியில் துணியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் கொடி என்னை ஏமாற்றும் என்று நான் நினைக்கவில்லை. கள்ளனுக்குப் போட்டீர்களா, எனக்கும் சேர்த்துத்தான் போட்டீர்களா?

சாயங்காலம் அண்ணன் சிட்னியிலிருந்து போனில் பேசினார். சாவி இன்ன இடத்தில் இருக்கிறது, மெஷினைப் பாப்பா எடுத்துக்கொள்ளட்டும் என்றார். நீங்கள் பேசவில்லை. குளிக்கிறாள் என்றார்.

ராத்திரி மழையில் உங்கள் துணி அத்தனையும் நனைந்துவிட்டது. மறுநாள் மெஷினை என் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போட்டேன். துவைத்தது. தண்ணீரை இறக்க வேண்டிய நேரத்தில் உறுமிவிட்டு நின்றது. E2. விளக்கப் புத்தகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல், சிட்னியில் நீங்கள் போய் இறங்கியிருந்த உங்கள் அக்கா வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். பாஸ்போர்ட்டுகளோடு அந்தப் புத்தகத்தையும் சேர்த்து சிட்னிக்குக் கொண்டுபோயிருந்தீர்கள்! அண்ணி, வீட்டையே விட்டுவிட்டுப் போனவள் அதை எதற்கு எடுத்துப்போனீர்கள்? பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம், குழாய் மடங்கியிருக்கிறதா பார், இல்லையென்றால் பம்பில் அடைப்பு என்று டீச்சர் மாதிரி வாசித்தீர்கள். "ஃபிக்கர் பண்ணாதே, கவலைப்படாதே பாப்பா, சரியாயிடும்" என்றீர்கள். ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பம்பைப் பற்றியே பேசிவிட்டு வைத்தோம்.

ரிப்பேர் பார்க்க ஜோனே வந்தான். நம் ஃபிஜி ஹிந்தியை நம்மைவிட நன்றாகப் பேசும் காய்வீத்தி, இந்த மண்ணின் பூர்வகுடி. அந்த நாளில் ஒரு ஃபிஜிக்காரன் நம் வீட்டுப் படி ஏறவும் யோசித்தான், நாமும் கதவைத் திறக்க யோசித்தோம். அவன் சொம்பால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினான். மெஷினைச் சாய்த்துப் பம்பைக் கழற்றினான். விசிறி இறக்கையில் மஞ்சள் நூல் சுற்றிக் கிடந்தது, மஞ்சள் துண்டோடு. எடுத்து வீசப் போனவன் என் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினான். "தம்பு?" என்று கேட்டான். அவர்கள் மொழியில் தெய்வத்துக்கு உரியது, இஷ்டத்துக்குத் தொடக் கூடாதது என்று பொருள். ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, அதை மெதுவாகப் பிரித்தெடுத்து, சுத்தமான துணி ஒன்று கேட்டு வாங்கி அதில் வைத்தான்.

அந்த நூலை எத்தனை தடவை பார்த்திருப்பேன். முடிச்சு இருந்த இடத்தை இறக்கை மென்று வைத்திருந்தது. வேலை செய்யும்போது தானாக அறுந்து விழுந்ததா? அப்படியென்றால் அம்மனே உங்களைப் போகச் சொல்லிவிட்டாள் என்று சமாதானம் ஆகலாம். நீங்களே அவிழ்த்து, கடலில் விட எண்ணி, முந்தானையில் முடிந்துவைத்து, அவசரத்தில் மறந்து துவைக்கப் போட்டீர்களா? மற்றவர்கள் முந்தானையை எல்லாம் அவிழ்த்துப் பார்க்கிறவர் உங்கள் முந்தானையைப் பார்க்கவில்லையா? ஒரு நாள் இப்படித் தோன்றும், ஒரு நாள் அப்படித் தோன்றும்.

மறுநாள் நீங்களே கூப்பிட்டு, சரியாயிற்றா என்று கேட்டீர்கள். குழாய் மடங்கியிருந்தது அண்ணி என்று பொய் சொன்னேன். இன்று காலை சுவரோரம் எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே குழாய்தான் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் தண்ணீர் இறங்கிவிட்டது. சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பொய் சொன்ன அன்று நான் வேறொன்றும் செய்தேன். அந்த நூலை எடுத்துக்கொண்டு பூசாரியிடம் போனேன். ஒருத்தர் காப்பை இன்னொருத்தருக்குக் கட்டுகிற வழக்கம் இல்லை என்றார். திருவிழா தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டிலும் கவுச்சி இல்லை, நானும் ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்று மன்றாடினேன். யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். நூலை வாங்கிப் பார்த்தார். பிறகு உங்கள் மஞ்சள் துண்டைப் புது நூலில் கோத்து என் கையில் கட்டினார். பத்தாம் நாள் நான் மிதித்தேன் அண்ணி. உங்கள் பேரைச் சொல்லித்தான் இறங்கினேன். கால் சுடவில்லை. மனசெல்லாம் உங்கள் மேல் அத்தனை கோபம், அப்படியும் சுடவில்லை. அது ஏன் என்றும் எனக்குத் தெரியாது.

இதை உங்களிடம் சொன்னால் நூல் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு வருவீர்கள், நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் வரவில்லை. திருவிழா என்று நான் எடுத்தாலே பேச்சை மாற்றினீர்கள். நாலு வருஷம் கழித்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டிவிட்டு வந்து போனில் பேசினீர்கள். "நான் பாதியிலே விட்டுட்டு வந்துட்டேனே பாப்பா. என்மேல வரவேண்டியது அவர்மேல வந்துடுச்சு" என்றீர்கள். முதல் தடவையாக நீங்கள் அதைப் பற்றிப் பேசினீர்கள், அழுதுகொண்டே.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் அண்ணி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என்னிடம் சொல்லாமல் போனதற்கு இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன் என்றுதான் தோன்றுகிறது. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பேசினோம். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டேன்.

உங்கள் நேர்த்திக்கடன் அந்த வருஷமே தீர்ந்துவிட்டது அண்ணி. நீங்கள் அம்மனுக்குப் பயந்துகொண்டு வாழ்ந்த அத்தனை நாளும், அது தீர்ந்தது எனக்குத் தெரிந்தே இருந்தது.