மிஸ்ஸுக்குள்ள இருக்குற சின்னப்புள்ள

நவம்பர் 12, செவ்வாய்

இன்னைக்கும் லுணுகலையில பஸ் ஏறி, பதுளைக்குக் கவுன்சலிங் மிஸ்ஸைப் பாக்கப் போனேன். அப்பா என்னை அடிச்ச மாதிரியே நானும் மகளை அடிக்க ஆரம்பிச்சதாலதான் ஆறு மாசமாப் போறேன்.

எட்டு வயசுல, பால்போத்தலை உடைச்சதுக்கு அப்பா என்னை ராவெல்லாம் மழையில தோட்டத்து லயத்து வீட்டுக்கு வெளிய நிறுத்தி வச்சாரு. அதை இன்னைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன். சொல்லிட்டு நிமிந்தா, மிஸ் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பயமாப் போச்சு. என் பாரத்தை அவங்க தலையில இறக்கிட்டேனோ?

"உள்ள இருக்குற சின்னப்புள்ளகிட்ட பேசுங்கன்னு எனக்குச் சொல்றீங்களே, உங்களுக்குள்ளயும் ஒண்ணு இருக்கா மிஸ்?" வாய் தவறிக் கேட்டுட்டேன்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டுச் சிரிச்சாங்க. "இருக்குங்க. அவளும் லேசுப்பட்டவ இல்ல. அவளைப் பத்திப் பேச மாசத்துக்கு ஒருக்கா நானும் கவுன்சலிங் பண்ற ஒரு அக்காகிட்ட போறேன். அதனாலதான் நீங்க சொல்றதை என்னால கேக்க முடியுது. நீங்க பயப்படாமச் சொல்லுங்க."

அதுக்கு மேல நான் கேக்கல. அந்தப் புள்ளைக்கு என்ன நடந்துச்சோ. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அதே நினைப்புதான். ஆனாலும் மனசு லேசா இருந்துச்சு.

மூணு மாசமா மகள் மேல கை நீட்டல. ஜெபத்துல அதுக்கு நன்றி சொன்னேன், மிஸ்ஸுக்காகவும் சொன்னேன். ஆண்டவரே, பேரும் முகமும் தெரியாத அந்த அக்காவையும் நல்லா வச்சிருங்க. மிஸ் அழுறப்போ கேக்க அவங்க வேணும்.