இல்லாத தெருவின் ஓட்டு

இன்று காலை ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பேப்பரைப் பிரித்தேன். விரலில் வைத்த மையின் வாடை மூக்கில் ஏறியது. உடனே நீ வந்து நின்றாய். செத்தும் என்னை விடமாட்டாய் போலிருக்கிறது, போ!

அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் நாம் இருவரும் வாத்தியார்கள். ஒரே பிளாக்கில் குவார்ட்டர்ஸ். தேர்தல் வேலைக்கு நம்மை அனுப்பிய ஊரோ, சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊர். வீடுகளை இடித்து, புல்டோசர் விட்டு நிரவியிருந்தார்கள். வாக்குச்சாவடிக்காகப் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஒரு காக்கை கூட இல்லை. தூரத்தில் மண் வெட்டும் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது.

“பேய்க்கா ஓட்டுப்பெட்டி தூக்கிட்டு வந்தோம்?” என்று கேட்டேன். சாவடிக்கு நீதான் தலைமை அதிகாரி. நிமிர்ந்து உட்கார்ந்து, “லிஸ்ட்ல பேர் இருக்குல்ல, வருவாங்க” என்றாய்.

வந்தார்கள். ஆனால் அந்த வெட்டவெளியில் யாரும் நேராக நடந்து வரவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் திரும்பினார்கள். கொஞ்ச தூரம் நடந்து மறுபடியும் திரும்பினார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது. பழைய தெருக்களின் வழியாக வருகிறார்கள் என்று புரியவே நேரம் பிடித்தது.

முதலில் வந்தவள் அஞ்சலை. கூலிக்காரி. பட்டா இல்லாததால் மாற்று மனையும் கிடைக்காமல், வடக்குத்து என்ற ஊர்ப் பக்கம் குடிசை போட்டிருந்தாள். நான் மைக்குச்சியை எடுப்பதற்குள், வேட்பாளர் ஒருவருக்கு ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த அவ்வூர்ப் பெரிய வீட்டுக்காரர் எழுந்தார்.

“இந்த ஊர்ல கெழக்கால சேரின்னு ஒண்ணு இருந்ததே இல்லீங்க. இவங்கல்லாம் எங்கிருந்தோ இட்டுக்கினு வந்த ஆளுங்க.”

அஞ்சலை என் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அய்யய்யோ, என்னா சாமி இப்படிச் சொல்றீங்க? வூடும் போச்சு. ஓட்டும் இல்லன்னா, நான் இந்த ஊர்ல பொழச்சேன்றதுக்கு வேற என்னாங்க இருக்கு?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆளை வெளியே அனுப்பு என்றேன். நீ என்னைத்தான் அதட்டினாய். “அவர் ஆட்சேபத்தையும் விசாரிக்கணும்டா. நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும்னா அதுக்குப் பேர் சட்டமா?” பிறகு அவளிடம், “உன் வீடு இருந்த இடத்தைக் காட்டும்மா” என்றாய். அவரையும் கூடவே போய்ப் பார்க்கச் சொன்னாய். நாம் வாசலில் நின்று பார்த்தோம்.

அஞ்சலை வெறும் மண்ணில் நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள். தாழ்ந்த கூரைக்குக் குனிவதுபோலக் குனிந்து, இல்லாத வாசலுக்குள் நுழைந்து நிமிர்ந்தாள். பின்னால் போன பெரிய வீட்டுக்காரர் பாதியிலேயே சட்டென்று நின்றுவிட்டார். எதிரே வேலி இல்லை, பள்ளம் இல்லை. கால் மட்டும் எழவில்லை.

“ஏன் நின்னுட்டீங்க? கிட்டப் போய்ப் பாருங்க” என்று குரல் கொடுத்தாய்.

“நாங்க அந்தத் தெருவுக்குள்ள போறதில்லீங்க.”

வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடித்தபின்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

நீ சிரிக்கவில்லை. “ஆட்சேபம் தள்ளுபடி” என்று மட்டும் சொல்லி அவளை உள்ளே கூப்பிட்டாய். நான் மை வைத்தபோது அவள் விரல் ஜில்லென்று இருந்தது. ஓட்டுப் போட்டு முடித்தவள் உன் மேசை முன்னால் நின்று, “அப்ப நான் இருக்கேங்க, இல்ல சாமி?” என்று கேட்டாள். “நீ இருக்கேம்மா” என்றாய்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, அந்த மண்ணும் இல்லை. எல்லாம் பெரும் பள்ளமாகிவிட்டது. நீயும் போய்விட்டாய். என்னை அதட்டுவதற்கு ஆளில்லாமல் நான் பாட்டுக்குக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும், “அப்படிப்பட்டவர்கள் இங்கே யாருமே இல்லை” என்று எவனாவது மேடையேறிச் சொல்லும்போது, அவன் கால் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.