பின்சீட்டுச் செய்திகளும் எழுபது சிசியும்

மார்ச் 3

வெளியே சொன்னால் மானம் போகும், இங்கேயாவது எழுதிவைக்கிறேன். சில மாதங்களாக எங்கள் வீட்டு மேட்டில் ஸ்கூட்டரை நான் காலால் உந்தித்தான் ஏற்றுகிறேன். இரண்டு காலையும் தரையில் போட்டு, வாத்து நீந்துகிற மாதிரி. பின்சீட்டில் இருக்கும் மனைவிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் முகத்தை மட்டும் கம்பீரமாக வைத்திருப்பேன். இன்று பாதி மேட்டில் தோளைத் தட்டினாள்.

“ஏங்க, செருப்பு தேஞ்சிடப் போகுது. நான் இறங்கிக்கவா?”

இறங்கினாள். எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மார்ச் 4

இனிமேல் அலுவலகத்திலிருந்து தன் தம்பியின் வண்டியில் வந்துவிடுவாளாம்.

வரட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவளுடைய அலுவலகக் கதைகள்? கணக்குப் பிரிவு அம்மாளுக்கும் மேலாளருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்பது நேற்று பாதி மேட்டில் அவள் இறங்கியதோடு அந்தரத்தில் நிற்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் அவளுக்குச் சமையல், மகளின் பாடம் – வாயே திறக்க மாட்டாள். ஊர்வம்பு முழுவதும் எனக்குப் பின்சீட்டு வழியாகத்தான் வருகிறது. இனி அதெல்லாம் மச்சினன் காதுக்கா? அவனுக்கு ரசனையே கிடையாதே!

மார்ச் 8

வெட்கத்தை விட்டு மச்சினனிடமே யோசனை கேட்டேன்.

“வண்டிய மாத்த வேணாம் மாமா. போர் கிட் போடுங்க. ஐம்பது சிசி எழுபதாயிடும்.”

பெரிய சிலிண்டர், அதற்கேற்ற பெரிய பிஸ்டன், ரிங்குகள். சுருக்கமாக, எஞ்சினுக்கு வயிறு பெரிதாகிறது. என் வயிறு பெரிதானதால் வந்த வினைக்கு அதன் வயிற்றைப் பெரிதாக்குவது பரிகாரம்.

இரும்பா, அலுமினியமா என்றார் கடைக்காரர். “அலுமினியம் சீக்கிரம் சூடு ஆறும் சார். இரும்பு, தப்பா ஓட்டினாலும் பொறுத்துக்கும்.” இரும்பு வாங்கினேன். பொறுத்துக்கொள்கிறவர்களோடு வாழ்ந்தே பழகிவிட்டது.

மார்ச் 9

பிஸ்டனில் எங்கள் எஞ்சினின் ‘பின்’, அதாவது பிஸ்டனைக் கோக்கும் குட்டைக் கம்பி, நுழையவில்லை. பின் பத்து மில்லிமீட்டரா பன்னிரண்டா என்று கடையில் கேட்டபோது, “பத்து” என்று மிடுக்காகச் சொன்னவன் நான். தெரியாமல் ஏன் சொன்னேன்? பக்கத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் ‘தெரியாது’ என்பதா?

பன்னிரண்டு.

மார்ச் 15

மாற்றி வாங்கிய கிட் மெக்கானிக் கடையில் ஏறியது. கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட், அதாவது பெட்ரோல் புகும் துளை. சைலென்சரும் அகலமானதாக வேண்டுமாம். “உள்ள நிறைய போகுதுல்ல சார், வெளியவும் தாராளமாப் போகணும்.”

கேட்பதற்கு மருத்துவ ஆலோசனை போலவே இருந்தது. தலையாட்டினேன்.

“சாயந்திரம் மனைவியை ஏத்திக்கிட்டு மேடு ஏறலாமா?”

“ஐயையோ! புது ரிங்கு பழகணும் சார். கொஞ்ச நாள் மெதுவா, தனியா ஓட்டுங்க. பின்னாடி ஆளே ஏத்தக் கூடாது.”

யாரை ஏற்றுவதற்காக இவ்வளவும் செய்தேனோ அவளைத் தவிர எல்லாம் ஏறிவிட்டது.

மார்ச் 22

மச்சினனை மடக்கினேன். “கணக்குப் பிரிவு விஷயம் அக்கா என்ன சொன்னா?”

“ஏதோ சொல்லிக்கிட்டே வந்தா மாமா. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

படுபாவி! ரோடு எங்கேடா போய்விடும்?

ஏப்ரல் 5

மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். “டீ கலர்ல இருக்கு, நல்லா எரியுது. இனிமே தாராளமா ஏத்துங்க சார்.”

மாலையில் அலுவலக வாசலில் போய் நின்றேன். அவள் சைலென்சரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். ஏறினாள். மேட்டில் – சத்தியமாக – இரண்டு காலும் பலகையில்தான்! பாதி வழியில் மச்சினனை முந்தினேன். அவன் முகத்தைப் படம் பிடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

வாசலில் எஞ்சினை நிறுத்தியதும் அவள் குரல் கேட்டது: “...அதோட அந்தம்மா பேச்சையே நிறுத்திட்டாங்க.”

“எந்தம்மா? என்ன சொன்ன?”

“வழி முழுக்கச் சொன்னேனே! இன்னொரு தடவை எல்லாம் என்னால முடியாது.”

ஒரு சொல் காதில் விழவில்லை. அந்தச் சைலென்சர் போடுகிற கூச்சலில் எப்படி விழும்?

ஏப்ரல் 7

பழைய சைலென்சரையே மாட்டிவிடலாமா என்று மெக்கானிக்கிடம் கெஞ்சினேன். “மேடு ஏறாது சார்.”

ஏப்ரல் 8

என் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எழுபது சிசி. மேடெல்லாம் தூசு. இரண்டு பேர் கிட் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார்கள். ‘பின்’ பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

ஏப்ரல் 14

மனைவியிடம் கெஞ்சிக் கேட்டதில் கணக்குப் பிரிவு அம்மாள் விவகாரம் முழுதாகத் தெரிந்துவிட்டது. மேலாளர் செய்தது அநியாயம். எழுதினால் பக்கம் போதாது. இப்போது கிடங்கு அதிகாரியின் கதை ஓடுகிறது.

“மெதுவா வாங்க, இன்னும் அவரோட மச்சினிச்சி வரவே இல்ல” என்றாள் இன்று.

இப்போதெல்லாம் மேட்டடியில் எஞ்சினை அணைத்துவிடுகிறேன். இருவரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு ஏறுகிறோம். வீட்டு வாசலில் புதுச் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது.