சிவந்த கம்பியைத் தாண்டும் வீரர்கள்

அன்பையும் கோபத்தையும் தனித்தனியாகப் பிரிக்கவிடாத என் அண்ணாவுக்கு,

ஒருவன் ஆம்பிளை என்று காட்ட எதற்காகச் சாவின் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வர வேண்டும்? பல்கலைக்கழகத்தில் பாரசீகக் காவியங்களைப் படித்தவள் நான். எனக்கே பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்ததா?

நீ கண்ணை மூடிய பிறகு நாடு செயற்கைக்கோள் விட்டுவிட்டது, அண்ணா. நீ மேஸ்திரியாக இருந்த கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் மட்டும் இன்னும் கம்பி தாண்டுகிறார்கள். நாளைக்கு உன் மகன் சேகரின் முறை. இடுக்கி பிடிக்கும் வேலைக்கு வருகிறவன், உருளைகளுக்கு நடுவிலிருந்து பழுக்கக் காய்ந்து நெளிந்து வரும் கம்பியை முதலில் தாண்டியாக வேண்டும். நீ ஏற்படுத்திய வழக்கம். தாண்டும்போது கால் வெந்த முனுசாமி இன்றைக்கும் நொண்டுகிறான். விசிலடிக்கும் கூட்டத்தில் அவனும் இருக்கிறான். இதற்குப் பெயர் வீரம்!

இந்த வழக்கத்தை எங்கிருந்து பிடித்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது, ஏழு சோதனைகளைக் கடந்த பாரசீக வீரனைப் பற்றிச் சொன்னேன். சிங்கம், தண்ணீரில்லாத பாலை, பூதம். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய்.

“சிங்கத்துக்கு நான் எங்கம்மா போவேன்? நம்மகிட்ட கம்பி கீது, போதும்.”

அந்தச் சிங்கத்தைக் கொன்றது வீரனின் குதிரை, அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னபோது உனக்குக் காது கேட்கவில்லை. அதே வீரன் பிற்பாடு போர்க்களத்தில் ஓர் இளைஞனைக் குத்திச் சாய்க்கிறான். அவன் கையில் கட்டியிருந்த, தான் எப்போதோ கொடுத்த அடையாளத்தைப் பார்த்த பிறகுதான், செத்துக்கொண்டிருப்பது தன் மகன் என்று தெரிகிறது. அந்த இடம் வந்ததும் நீ கை கழுவ எழுந்துவிட்டாய். வீரக்கதை கேட்கிற ஆண்கள் அங்கேதான் எழுந்துவிடுகிறீர்கள்.

சற்று முன்பு சேகரிடம் தாண்டாதே என்றேன்.

“நைனா பேரு கெட்டுடும் அத்தே. மேஸ்திரி புள்ள பயந்துகினு நிக்கிறான்னு சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். சிரிப்பால் தோல் வேகாது.”

“காலேஜ்ல படிச்சவ, உனக்கு இன்னா தெரியும் மில்லப் பத்தி?”

அப்படியே உன் குரல். உன் இளக்காரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ கேட்காமல் எழுந்துபோன கதையை இன்று அவனுக்கு முழுக்கச் சொல்வேன். இது சத்தியம். அவனும் கை கழுவ எழுந்தால், தண்ணீர்த் தொட்டிவரை பின்னாலேயே போய்ச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட்டுத் தீராத தங்கை

மறுநாள் நடந்தது, அண்ணா: சேகர் கம்பிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். “நைனா எப்டித் தாண்டுவாரு? ஒருக்கா காட்டுங்களேன்” என்று கேட்டானாம். விசில் நின்றுவிட்டது. கடைசியில் முனுசாமிதான் வாய் திறந்திருக்கிறான்.

“உங்க நைனா எங்கடா தாண்டினாரு? ஓரமா நின்னுகினு எங்களத் தாண்டுடான்னுவாரு, அவ்ளோதான்.”

சேகர் தாண்டவில்லை. இடுக்கியை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். சாயங்காலப் பாசஞ்சரில் முழுக் காலோடு வீடு வந்து, தட்டின் முன் உட்கார்ந்து சொன்னான்:

“உன் கதையில சிங்கம் வந்தப்போ அந்தாளு தூங்கிகினாவது இருந்தான் அத்தே. நைனா முழிச்சிகினுதான் இருந்துகிறாரு.”